பந்து இல்லாமல் வராதே

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். பொய் இல்லை. அப்போது நான் புதுச்சேரியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டுக்கணக்குப் போடாமல் வந்த பிள்ளையை உள்ளே சேர்க்க மாட்டேன். போட்டு முடிக்கும்வரை வகுப்பு வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அதனால்தான் என் வகுப்பு ஒழுங்காக இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்துவிட்டுப் போன மறுவருஷம் அது. கப்பலேறப்போகும் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி, வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அப்படி ஒரு வீட்டில் பிரம்பு நாற்காலி வாங்கினார். விற்ற அம்மாள் கொசுறாக ஒரு சிவப்பு ரப்பர் பந்தையும் கையில் திணித்து அனுப்பிவிட்டாள். பந்து விளையாட எங்களுக்குக் குழந்தை இல்லை. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற இடத்திலிருந்து என் கூடைக்குப் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்ட ஒரு செவலை நாய்தான் இருந்தது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. ‘டேய்’ என்றால் வரும்.

பந்தைப் போட்டால் பாய்ந்து கவ்விவிடும். திருப்பித் தருவது மட்டும் கிடையாது. கொல்லையைச் சுற்றிச் சுற்றி ஓடும். நாய் பெற்ற தெங்கம்பழம் என்று பிள்ளைகளுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அப்போதுதான். தானும் தின்ன முடியாது, அடுத்தவருக்கும் கொடுக்காது.

“நாய் வால நிமிர்த்தப் போறியா?” என்று அவர் சிரித்தார்.

அவ்வளவுதான், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இடது கையில் கருவாட்டுத் துண்டை வைத்துக்கொண்டு வலது கையை நீட்டி, “குடு” என்பேன். பந்தை விட்டால்தான் கருவாடு. பத்து நாள் ஆயிற்று. ஒருநாள் அது தானாக வந்து, எச்சில் வழிய, பந்தை என் உள்ளங்கையில் வைத்தது. மக்குப் பிள்ளை ஒன்று முதல்தரம் ஒழுங்காகக் கணக்குப் போட்டதுபோல எனக்குச் சந்தோஷம்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? ஒருநாள் பந்து கொல்லைச் சுவர் தாண்டிச் சாக்கடைப் பக்கம் போய் விழுந்தது. நாய் போய்விட்டு வெறும் வாயோடு திரும்பி வந்தது. எனக்கு வந்ததே கோபம். “பந்து எங்க? பந்து இல்லாம வராத!” என்று வெளியே தள்ளிக் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டேன். மத்தியானம் சோறும் போடவில்லை. அது கதவைப் பிறாண்டி முனகிக்கொண்டே இருந்தது.

“பந்து இல்லன்னா குடியா முழுவிடும்? கதவத் தெற” என்றார் அவர்.

“நீங்க சும்மா இருங்க. எனக்குத் தெரியும்.”

சாயந்திரம் திறந்தபோது, உடம்பெல்லாம் சாக்கடைச் சேறும் வாயில் பந்துமாக நின்றது. “பாத்தீங்களா?” என்று அவரிடம் ஜம்பமாகக் கேட்டேன். இன்னும் இரண்டு தரம் அதே தண்டனை. அதற்குப் பிறகு அது பந்து இல்லாமல் வந்ததே இல்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குருசுக்குப்பம் கடற்கரைக்கு மூன்று பேருமாகப் போனோம். மணலில் எறிந்தேன், ஓடிப்போய் எடுத்து வந்து என் கையில் கொடுத்தது. ஐந்தாறு தரம். அவர் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துத் தண்ணீர்ப் பக்கமாக ஒரு எறி எறிந்தேன். திரும்பிப் போகிற அலை பந்தை இழுத்துக்கொண்டது. நாய் பின்னாலேயே குதித்துவிட்டது.

முதலில் பயமில்லை, நாய்க்கு நீந்தத் தெரியாதா என்ன? ஆனால் கரையிலிருந்து மேலக்காற்று தள்ளத் தள்ளப் பந்து போய்க்கொண்டே இருந்தது. அலை உடைகிற இடத்தையும் தாண்டிப் போய்விட்டது. பிறகு சிவப்பே கண்ணுக்குத் தெரியவில்லை. நாயின் தலை மட்டும் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது.

“டேய்! வாடா! வந்துடுடா!” என்று கத்தினேன்.

அது திரும்பி என்னைப் பார்த்தது. நன்றாகப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடியும் கடல் பக்கம் திரும்பித் தேட ஆரம்பித்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வர முடியாமல் அது அங்கே சுற்றவில்லை. வரப் பயந்துகொண்டு சுற்றுகிறது! என் வாயால் நான் சொன்னதைத்தான் அது கேட்டுக்கொண்டிருந்தது. ஐயோ, இதையா நான் கற்றுக்கொடுத்தேன்? அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். நீச்சல் தெரியாத மனுஷன். முதல் அலையே புரட்டிக் கரையில் போட்டது.

கட்டுமரங்களெல்லாம் கடலில் இருந்தன. மீன் வாங்கிப்போகக் கூடையோடு காத்திருந்த ஒரு பெண், என் வயசுதான் இருக்கும், எழுந்து வந்தாள்.

“என்னாம்மா, அந்த நாயி ஏன் கரைக்கு வராம சுத்துது?”

“பந்து இல்லாம வராது. நான்தான் அப்படிப் பழக்கிட்டேன்.”

“வந்தா என்னா பண்ணுவ?”

“கதவச் சாத்திடுவேன். சோறு போடமாட்டேன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அடிப்பாவி! எங்க வூட்டு ஆம்பள வெறும் வலையோட வர்ற நாளு எத்தினி? நான் என்ன கதவச் சாத்திக்கினா குந்திருக்கிறேன்?”

சொல்லிக்கொண்டே ஓடினாள். மணலில் குவிந்து கிடந்த வலைகளுக்குப் பக்கத்தில் உதிரியாகக் கிடந்த மிதப்புக்கட்டை ஒன்றை எடுத்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வீசி எறிந்தாள். அது நாய்க்குக் கொஞ்சம் இப்பால் விழுந்தது. “கூப்புடு!” என்றாள். “எடு! எடுடா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். நாய் திரும்பியது. கட்டையைக் கவ்வியது. அலை இரண்டு தரம் அதை மூடியது. இரண்டு தரமும் என் உயிர் போய்த்தான் வந்தது.

கரையேறி உப்புத்தண்ணீராகக் கக்கியது. நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. அது பந்து இல்லையென்று அதற்குத் தெரியும். கட்டையைத் தள்ளிவைத்துவிட்டு, காதை மடக்கி, வயிற்றை மணலோடு ஒட்டிக்கொண்டு, அடிப்பேனா என்று என் முகத்தையே பார்த்தது. அதைக் கட்டிக்கொண்டு அத்தனை பேர் பார்க்க ஓவென்று அழுதேன். கூடைக்காரி கட்டையை எடுத்து மணலைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைக் கதவை விரியத் திறந்து வைத்தேன். சோற்றில் மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்து, “டேய், வாடா” என்றேன். அது வாசல்படிக்கு வெளியிலேயே நின்றது. என் கையைப் பார்த்தது, தன் வெறும் வாயைத் திறந்து மூடியது, உட்கார்ந்துகொண்டது. எத்தனை தரம் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

கடைசியில் சட்டியை எடுத்துக்கொண்டு நான்தான் வெளியே போனேன். அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.