கடைசி பெஞ்சில் எனக்கு ஒரு வேலை

பாறசாலைக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் அட்டெண்டர். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட என்னைத்தான் அங்கிருந்த பேராசிரியை தன் வகுப்பில் உட்கார வைத்தார்.

அவரை எல்லோரும் டீச்சர் என்போம். பயிற்சிப் பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் பாடம் நடத்திப் பழகுவார்கள். கேட்பவர்களும் கூட்டுக்காரர்கள்தானே, புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவார்கள். டீச்சருக்கு அது ஆகாது.

"மக்கா, நீ கடைசி பெஞ்சில போய் இரி. மனசிலாவல்லேன்னா கை தூக்கு. சத்தம் கேக்கல்லேன்னாலும் தூக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்."

"அதாக்கும் வேண்டியது."

பேசச் சொல்லவில்லை, கை தூக்கினால் போதும் என்பதால் போய் உட்கார்ந்தேன். நான் தூக்கும்போதெல்லாம் பாடம் முதலிலிருந்து தொடங்கும். பிள்ளைகளுக்கு நான் சேச்சி, அக்கா மாதிரி.

"சேச்சி, இன்னைக்கு ஒரு நாளாவது கையைக் கெட்டி வெச்சிட்டு இரிங்க" என்று ஒருத்தி என்னிடம் கெஞ்சினாள்.

"ஏட்டி, நாளைக்கு உன் கிளாசில நாப்பது சேச்சிமாரு இருக்கும். எல்லாத்துக்க கையையும் கெட்டுவியா?" என்றார் டீச்சர்.

ஓணம் விடுமுறை கழிந்து வந்தபோது அவர் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்துச் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். சளி போகும் காலம் போயும் கரகரப்பு போகவில்லை. தண்ணீரைக் கழுத்தைச் சாய்த்துத்தான் விழுங்கினார். மதியச் சோறு பாதிக்கு மேல் அப்படியே திரும்பிப் போனது. நெய்யாற்றின்கரை டாக்டர், பேசவே கூடாது, உடனே திருவனந்தபுரத்தில் காட்டணும் என்று சொல்லியிருந்தார். தனியாக வாழும் டீச்சர் அதை என்னிடம் மட்டும் சொன்னார்.

"பிள்ளைங்க ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கப் போற நேரமாச்சு. அது முடியட்டு."

"முடியுறதுக்குள்ள நோவு கூடிப்போச்சுன்னா?"

அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

அன்று, சத்தம் போடும் வகுப்பை எப்படி அடக்குவது என்று அவரே நடத்திக் காட்டினார். எனக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் கை தூக்கினால் அவருடைய வகுப்பு அன்றோடு நின்றுவிடும். தூக்காவிட்டால் அவர் நிறுத்தவே மாட்டார். தூக்கினேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் கழுத்து நரம்பு புடைக்க இன்னொரு முறை முயன்றார். நான் கையை இறக்கவில்லை. அவர் சாக்பீஸை மேசைமேல் வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து காதோடு, "நாளைக்குப் போவம். நீயும் வா" என்றார்.

மறுநாள் ரயிலில் போனோம். ஆஸ்பத்திரியில் அவர் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு எங்களை வெளியே இருக்கச் சொன்னார்கள். டீச்சர் பையிலிருந்து பிள்ளைகளின் பாடத்திட்டங்களை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார்.

"இவ கொள்ளாம், நல்லா வருவா" என்று ஒரு தாளைக் காட்டினார். "பயம் மட்டும் போணும்."

"பேசாதீங்க டீச்சர்."

நர்ஸ் கதவைத் திறந்தாள். "கூடெ வந்நது ஆரா?" கூட வந்தது யார் என்று மலையாளத்தில் கேட்டாள்.

நான் எழுந்தேன். டீச்சரும் எழுந்தார்.

"அம்மா அவிடெ இரிக்கு. இவரு மாத்ரம் மதி." நான் மட்டும் உள்ளே வந்தால் போதுமாம்.

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

நான் உள்ளே போனேன். டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார்.