என் குவார்டெட்டில் எனக்கு நாற்காலி இல்லை

தமிழ்நாட்டில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கொல்கத்தாவுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும், இங்கே மேற்கத்திய இசை வாசிப்பவர்கள் தொடங்குமுன் மூக்கால் சர்ரென்று மூச்சிழுப்பதைக் கேட்டால், யாருக்கோ ஜலதோஷம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எல்லோரும் ஒரே நொடியில் தொடங்க அதுதான் சைகையாம். நமக்கெங்கே அதெல்லாம்? பாடகர் பாடுவார், நாம் ஒரு மூச்சு பின்னால் பிடித்துக்கொண்டே போவோம். திருச்சியில் தொடங்கி முப்பது வருடம் நான் பக்கவாத்திய வயலின். கணவருக்குத் துறைமுகத்தில் மாற்றல் வந்ததால் இந்த ஊர்.

தமிழ்ச் சங்கக் கச்சேரி ஒன்றில் என் கல்யாணி ஆலாபனையைக் கேட்ட செல்லோக்காரர் அனிர்பான், “தீதி, லிகே தின் நா” என்று கெஞ்சினார். எழுதிக் கொடுங்கள் அக்கா என்று. ஆலாபனையை எழுதுவதாவது! சிரித்தேன். ஆனாலும் ஆசை யாரை விட்டது? இரண்டு வருடம் ஐந்து கோட்டில் ஸ்வரம் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷன் கற்று, ஒவ்வொரு கமகத்தையும் கோட்டில் மாட்டி, இரண்டு வயலின், வயோலா, செல்லோ நான்குக்குமாக ஒரு குவார்டெட் எழுதினேன். இரண்டாம் வயலினை நான்தான் வாசிப்பேன் என்பது ஒரே நிபந்தனை.

பாலிகஞ்சில் அனிர்பான் வீட்டில் ஒத்திகை. மூச்சிழுத்தார்கள். மற்ற மூவரும் தொடங்கிய ஒலி காதில் விழுந்த பிறகுதான் என் வில் நகர்ந்தது. “தீதி, ஆபார் லேட்!” மறுபடியும், மறுபடியும் அதே தாமதம். நான் எழுதியதற்கு நானே பின்பாட்டு. வெட்கக்கேடு! மூன்றாம் வாரம் அனிர்பான் டீயை நீட்டியபடி, “கம்போஸர் வெளியே உட்கார்ந்து கேட்டால்தான் நல்லது, இல்லையா?” என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அரங்கேற்றத்தன்று ஒரு கல்லூரிப் பெண் என் பகுதியைப் பிசகாமல் வாசித்தாள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

போகட்டும், நம் மேடை இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். அடுத்த மாதம் சங்கத்தில் சென்னைப் பாடகர் ஒருவருக்கு வாசித்தேன். அவர் கல்யாணியை விரிவாகப் பாடி முடித்து என் பக்கம் கைகாட்டினார். சற்று நேரத்திலேயே தெரிந்துவிட்டது: என் விரல்கள் குவார்டெட்டின் முதல் பக்கத்தை, ஒரு ஸ்வரம் மாறாமல், ஒப்பித்துக்கொண்டிருந்தன. அவர் பாடிய எதற்கும் அதில் பதில் இல்லை. மாற்றப் பார்த்தேன், வரவில்லை. முன்வரிசை மாமாக்கள் தலையாட்டி ரசித்தார்கள். பாடகர் மைக்கை ஒதுக்கிவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“என்னம்மா, ஆத்துலேயே எழுதி வச்சுண்டு வந்துட்டேளா?”

வில்லை மறுபடி தூக்கினேன். இரண்டாம் பக்கம் தொடங்கியது.