நாற்பதாவது பாட்டில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1991ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், ஒரு வாளி வெந்நீருக்காக ஒரு மனிதரின் வேலை போகக் காரணமாக இருந்தேன். திட்டம் போட்டுச் செய்ததல்ல. ஆனால் அது போகிறது என்று கண்ணெதிரே தெரிந்தபோது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் தடுத்திருக்கலாம். வாயைத் திறந்தேன், பொய் சொன்னேன்.

அப்போது நான் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். ஊராருக்குக் கம்பவுண்டர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் மருந்தின் அளவுகளையெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

1. செங்கல்

அந்த மார்கழியில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். குளிர், உடம்புவலி, நெஞ்சைப் பிளக்கும் இருமல். தொழிற்சாலை பஸ்கள் பாதி காலியாகப் போய்வந்தன. கோயிலில் நாதஸ்வரக்காரர் மூச்சுப் பிடிக்க முடியாமல் படுத்துவிட, ஒரு வாரம் பெருமாள் தவிலை மட்டும் கேட்டுக்கொண்டு புறப்பாடு போனார். 'கூட்டமாகச் சேர வேண்டாம்' என்று ஒரு சுவரொட்டி வந்தது. அதை எங்கள் கண்ணையன் வாசலில் ஒட்டினான். அதைப் படிக்க ஒரு கூட்டம் சேர்ந்தது.

கண்ணையன் எங்கள் நிலையத்தின் பணியாளர். அவனையும் என்னையும் தவிர ஒரு நர்ஸ், ஒரு டாக்டர் அம்மா. நர்ஸும் காய்ச்சலில் படுத்துவிட்டார். டாக்டர் பன்னிரண்டு மணிக்கு மேல் கிராமங்களுக்கு முகாம் போக வேண்டும். அதற்குள் நாற்பது பேரைத்தான் பார்க்க முடியும். வந்ததோ எழுபது, எண்பது பேர்.

அந்தக் காலத்தில் மிக்சர் என்னும் கலவை மருந்தை வாங்க நோயாளிகளே பாட்டில் கொண்டுவருவார்கள். அதனால் விடிவதற்கு முன்பே வந்து, பாட்டிலை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆளுக்குப் பதில் பாட்டில் நிற்கும். எண்ணெய் பாட்டில், தேன் பாட்டில், கழுவியும் வாசனை போகாத குவார்ட்டர் பாட்டில். எட்டு மணிக்குக் கண்ணையன் எண்ணி, நாற்பதாவது பாட்டிலுக்குப் பின்னால் ஒரு செங்கலை வைப்பான். செங்கலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நாளைக்கு வர வேண்டும். இந்தச் சட்டத்தை நாங்கள் போடவில்லை. இரண்டு நாள் அடிதடிக்குப் பிறகு ஜனங்களே போட்டுக்கொண்டார்கள். அதனால் அதை யாரும் மீறவில்லை.

என்னைத் தவிர.

2. வெந்நீர்

நான் ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் வரதன். அவர் வீட்டில் தவலையில் வெந்நீர் போடுவார்கள். மார்கழி பிறந்ததும் ஒருநாள் என் அறை வாசலில் ஆவி பறக்க ஒரு வாளி வெந்நீர் இருந்தது.

"தம்பி, பச்சத் தண்ணில குளிச்சிக்கினு ஊருக்கு மருந்து குடுக்கப் போறீங்க. நீங்க படுத்துட்டா நாங்க இன்னா ஆவறது?" என்றார்.

உருகிப்போனேன். நான்காம் நாள் வாளியோடு ஒரு பாட்டிலும் வந்தது. ஆரஞ்சு ஸ்குவாஷ் பாட்டில், லேபிள்கூடக் கிழியாதது.

"நமக்கு வயிறு கொஞ்சம் பேஜாரா கீது தம்பி. உங்க ஆஸ்பத்திரி மிக்சரு ரெண்டு தபா குடிச்சா சரியாப்பூடும். ஆனா அந்தக் கூட்டத்துல நின்னா இருக்கற உசுரும் பூடும். பாட்டில மட்டும் முன்னாடி வச்சிருங்க. பத்து மணிக்கு ஸ்கூட்டர்ல வந்துடறேன்."

அவர் வயிற்றுக்கு வந்த நோய் எனக்குத் தெரியும். மார்கழி முழுக்கக் கோயிலில் காலையில் பொங்கல். அதில் இவருக்கு மூன்று தொன்னை. வாயு, வேறொன்றுமில்லை.

ஆனாலும் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ஏழரை மணிக்கு மருந்தறையைத் திறக்கப் போகிறவன், குனிந்து வரிசையைச் சரிசெய்கிறவன்போல மூன்றாவது இடத்தில் அதைச் செருகினேன். கம்பவுண்டர் குனிந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? வாரத்துக்கு இரண்டு முறை இப்படி நடந்தது. பின்னால் இருக்கும் பாட்டில்கள் எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போகும் என்பது எனக்குத் தெரியும். ஓர் இடம்தானே என்று நினைத்தேன்.

3. பாட்டில் குட்டி போடுமா?

அன்று சனிக்கிழமை. எட்டு மணிக்குக் கண்ணையன் எண்ணிச் செங்கலை வைத்துவிட்டான். ஒன்பது மணிக்கு வடக்குப்பட்டிலிருந்து தனக்கோட்டி என்ற பெண் வந்தாள். சைக்கிள் கேரியரில் கணவன் ஏழுமலையைப் போர்வை சுற்றி உட்காரவைத்து, அவளே தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். வாசலைப் பார்த்ததும் சைக்கிளோடு நின்றுவிட்டாள். கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய அவளுடைய எண்ணெய் பாட்டில் செங்கலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"இன்னாண்ணா இது? நான் வைக்கும்போது நாப்பது. எண்ணிட்டுத்தான் இவர இட்டார வூட்டுக்குப் போனேன்."

"இப்ப நாப்பத்தொண்ணு கீதும்மா," என்றான் கண்ணையன்.

"அதெப்படி? நடுவுல எந்தப் பாட்டிலு குட்டி போட்டுச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் மருந்தறை ஜன்னலுக்குள்ளிருந்து சிரித்தேன்.

அவள் ஜன்னலுக்கு வந்தாள். "சார், நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. இவரு ஐவேஸ் ரோட்டு மேல கீற கம்பெனில டிரெய்னி. ஆறு நாளா காய்ச்சல். திங்கக்கெழம காலைல கவர்மெண்ட் டாக்டர் சர்டிபிகேட்டோட வரலன்னா பேர எடுத்துடுவேன்னு சூப்ரவைசர் சொல்லிட்டாரு. அடுத்த மாசம் பர்மனெண்ட் பண்ற லிஸ்ட்டு சார். நாளைக்கு ஞாயித்துக்கெழம, டாக்டரம்மா வர மாட்டாங்க."

இரண்டே வார்த்தை போதும்: 'நான்தான் வைத்தேன்.' ஸ்குவாஷ் பாட்டிலை எடுத்துவிட்டால் அவள் மறுபடி நாற்பது.

நான் சொன்னது இது: "நீ இருட்டுல தப்பா எண்ணியிருப்பேம்மா."

"நான் சூளையில வேல செய்யறவ சார். ஆயிரக்கணக்குல கல்லு எண்ணி அடுக்கறவ. நாப்பது பாட்டிலு தப்பா எண்ணுவனா?"

"எண்ணியிருக்கே, பாரு."

கண்ணையனுக்கு மனசு இளகியது. ஆனால் செங்கலுக்குப் பின்னால் இருந்தவர்கள் விடவில்லை. "அதுக்கு ஒண்ணு வுட்டா எனக்கும் வுடணும். நாங்க முப்பது பேரு சும்மாவா குந்திகினு கீறோம்?" என்று கத்தினார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

ஏழுமலை போர்வைக்குள்ளிருந்து, "வுடு தனம், போலாம்," என்றார். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினாள். பத்து மணிக்கு வரதன் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஏப்பம் விட்டுக்கொண்டே உள்ளே போனார்.

4. பதினைந்து மாத்திரை

செவ்வாய்க்கிழமை தனக்கோட்டி மறுபடி வந்தாள். இப்போது காய்ச்சல் அவளுக்கு. பாட்டில் ஒன்பதாவதாக இருந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டுச் சீட்டோடு என் ஜன்னலுக்கு வந்தாள்.

"வூட்டுக்காரருக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"காய்ச்சலு போச்சு சார். வேலையும் போச்சு. கேட்லயே நிறுத்திட்டாங்களாம்."

சீட்டைப் பார்த்தேன். மூன்று நாளைக்கு ஒன்பது மாத்திரை எழுதியிருந்தது. பதினைந்து எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். கோழையின் பரிகாரம் அப்படித்தான் இருக்கும்.

நான்கு அடி போனவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஆறு மாத்திரையை ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தாள்.

"ஒம்போதுதான் சார். நீங்க தப்பா எண்ணிட்டீங்க. பின்னாடி நிக்கறவங்களுக்கு ஆவும்."

குத்திக்காட்டினாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று ஓ.பி. முடிந்ததும் டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த ஸ்குவாஷ் பாட்டில்காரரா? அவருக்கு வாயுவைத் தவிர ஒண்ணுமில்லையே!"

"ஆமாம் மேடம்."

"ஒரு வாளி வெந்நீருக்கா?"

"மார்கழி, மேடம்..."

"எனக்கும் மார்கழிதான். நானும் பச்சைத் தண்ணியிலதான் குளிக்கிறேன்."

முகாமுக்குப் போகும் வழியில் ஏழுமலையைப் பார்த்து, பரிசோதித்து, சர்டிபிகேட் கொடுத்தார். கூடவே ஒரு கடிதம்: சனிக்கிழமையே வந்த நோயாளியைப் பார்க்க முடியாமல் போனது எங்கள் ஊழியர் வரிசையில் செய்த முறைகேட்டால். என் பெயர் இருந்தது. எனக்குத் தனியாக ஒரு மெமோவும் இருந்தது.

5. கம்பெனி ஆபீஸ்

மறுநாள் லீவு போட்டு ஏழுமலையோடு கம்பெனிக்குப் போனேன். பர்சனல் ஆபீசர் மப்ளர் கட்டி, மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"பாட்டில்னா, இன்னா பாட்டில்?"

விளக்கினேன். வெந்நீர் வரைக்கும் விளக்க வேண்டியிருந்தது. அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

"பல வருசமா லீவு லெட்டர் படிச்சிக்கினு கீறேன். ஒரே ஆளு மாமனாரு நாலு தபா செத்த கதையெல்லாம் பாத்துட்டேன். இப்படி ஒண்ணு வந்ததில்ல. பொய்யா இருந்தா எவனும் தன்னப் பத்தி இவ்ளோ கேவலமா எழுதி எடுத்தாற மாட்டான். அதனால நெஜந்தான்."

பிறகு சொன்னார்: "ஆனா லிஸ்ட்டு போயிடுச்சு. அந்த எடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. அடுத்த பேட்ச்சுல புது டிரெய்னியா வேணா எடுத்துக்கறேன். மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

எவ்வளவு கெஞ்சியும் அதற்கு மேல் அவர் நகரவில்லை. ஏழுமலையோடு பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் அடுத்த மாதமே பர்மனெண்ட் ஆனார்கள். அவர் ஒன்றரை வருடம் கழித்து ஆனார். அந்த ஒன்றரை வருடத்தை என்னால் எங்கிருந்தும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.  பஸ் வந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெந்நி நல்லா சூடா இருந்துச்சா சார்?"

6. எண்ணுகிறவள்

அடுத்த நாள் எட்டு மணிக்கு, கண்ணையன் எண்ணுவதற்கு முன்பு, பாட்டில்களுக்கு முன்னால் நின்று, நான் வரச்சொல்லியிருந்த தனக்கோட்டியின் எதிரில், எல்லோரிடமும் சொன்னேன். "தனக்கோட்டி சரியாத்தான் எண்ணுனாங்க. நடுவுல பாட்டிலச் செருகினவன் நான், ஒரு வாளி வெந்நிக்காக."

 பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்போ குட்டி போட்டது நீதானா, கம்பவுண்டரே!"

சிரிப்பு அடங்கியதும் ஒரு பெரியவர், இனிமேல் ஆஸ்பத்திரி ஆட்கள் எண்ண வேண்டாம், சூளைக்காரப் பொண்ணே எண்ணட்டும் என்றார். கண்ணையன் மறுபேச்சு பேசாமல் செங்கலைத் தூக்கி அவள் கையில் கொடுத்தான். காய்ச்சல் தணிந்த தை மாதக் கடைசிவரை தினமும் எண்ணிவிட்டுத்தான் அவள் சூளைக்குப் போனாள். எனக்கு மாற்றல் வரும்வரை 'வெந்நி சார்' என்ற பெயர் நிலைத்தது.

ஸ்குவாஷ் பாட்டிலை வரதனிடம் திருப்பிக் கொடுத்தேன். "இதுல இன்னா தம்பி தப்பு கீது?" என்றார். அவருக்கு மெய்யாகவே புரியவில்லை. மறுநாளிலிருந்து வாளி வரவில்லை. பச்சைத் தண்ணீரில் குளித்தேன். ஆறாம் நாள் எனக்குக் காய்ச்சல்.

உடம்பு நடுங்க வேலைக்குப் போனேன். வழியில் பஸ் தாமதம். வாசலில் என் பாட்டிலைக் கடைசியில் வைத்தேன். மருந்தறைச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. இரண்டு மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டால் கேட்பார் இல்லை. எடுக்கவில்லை. பின்னால் ஒரு பாட்டில் தள்ளப்படாமல் முன்னால் ஒரு பாட்டில் வர முடியாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் படித்த படிப்பு போதவில்லை, அந்த மார்கழி தேவைப்பட்டது.

தனக்கோட்டி எண்ணிக்கொண்டே வந்து செங்கலை வைத்தாள். என் பாட்டில் அதற்கு அந்தப் பக்கம் மூன்றாவதாக இருந்தது. அது யாருடையது என்று கேட்டாள். பல் தந்தியடிக்க, "என்னோடதுதாம்மா," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். திரும்பப் போய் முதல் பாட்டிலிலிருந்து மறுபடி எண்ணினாள். செங்கலருகே வந்ததும் நின்றாள். அதை நகர்த்தவில்லை.

"ரெண்டு தபா எண்ணிட்டேன் சார். கணக்கு சரியா கீது. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய், நாற்பது பேருக்கு மருந்து கொடுத்தேன்.