கையால் இரண்டு சுற்று

நான் அத்தான் என்று கூப்பிடும் என் கணவரின் அண்ணனுக்குத் தெரியாத தொழில் எதுவும் கிடையாது. வளைகுடாவில் ஒரு பணிமனையில் பன்னிரண்டு வருடம் இருந்தார் என்பதுதான் அதற்கு ஆதாரம். அங்கே அவர் ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுத்தவர் என்பதை அவர் மனைவியே ஒருமுறை என்னிடம் வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். ஆனால் நெரவியில் எங்கள் தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் ஸ்பானரோடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். அவர் கைவைத்த பிறகு வேலை தெரிந்த ஆள் வருவார். அந்த ஆள் சரிசெய்துவிட்டுப் போனதும், “நான் சொன்னதத்தான் அவனும் செஞ்சான்” என்பார்.

எங்களிடம் இருப்பது பழைய டீசல் கார். போன வருடம் காரைக்காலில் நாங்கள் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக், இன்ஜின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி டைமிங் பெல்ட்டை எனக்குக் காட்டினார். ஓரம் நார் நாராகப் பிரிந்திருந்தது.

“ஓடிக்கிட்டு இருக்கையில இது அறுந்துச்சுன்னா வால்வும் பிஸ்டனும் இடிச்சுக்கும் டீச்சர். அப்பறம் இன்ஜினையே பிரிக்கணும். புது பெல்ட்டு திருச்சியிலேருந்து வரணும். அதுவரைக்கும் வண்டிய வீட்டுலயே நிறுத்திடுங்க.”

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் ஒரே கணக்கில் சுற்றவைக்கும் பல்வைத்த பெல்ட். எந்தப் பல் எங்கே உட்கார வேண்டும் என்பதற்குச் சக்கரங்களில் குறி இருக்கிறது. மாட்டியதும் சாவி போடக் கூடாது, ஸ்பானரைப் போட்டுக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிக் குறிகள் திரும்பச் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இவ்வளவையும் அவர் பொறுமையாகச் சொன்னார். கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

அத்தானுக்கு மட்டும் புரியவில்லை, ஏனென்றால் அவர் கேட்கவில்லை. பெல்ட் வந்துவிட்டதாக மெக்கானிக் போன் செய்த அன்று, என் கணவர் பெல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

“அண்ணன் மாட்டித் தர்றேன்னு சொல்லுச்சு.”

“ஏங்க, அவருக்கு இது தெரியுமா?”

“தெரியும்னு சொல்லுதுல்ல.”

என் கணவர் ஐம்பது வயதிலும் அண்ணன் சொன்னதை மறுத்துப் பேசியதில்லை. அதைப் பாசம் என்று சொல்வார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் தெரிந்திருக்கிறது. மறுப்பதற்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் வந்தார். வாசலில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, பழைய பெல்ட்டைக் குறி எதுவும் பார்க்காமல் உருவி எறிந்தார். புதியதை மாட்டும்போது மேல் சக்கரம் சடக்கென்று நழுவிச் சுழன்றது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“அத்தான், குறி ரெண்டு பல்லு தள்ளி நிக்குது.”

“நீ சும்மா இரும்மா. ஸ்டார்ட் பண்ணா அதுவா செட் ஆயிடும். சாவியக் கொண்டா.”

சாவி என் கையில் இருந்தது. கொடுக்கவில்லை.

“முதல்ல கையால சுத்துங்க.”

எங்கள் வீட்டில் நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. என் கணவர் தரையைப் பார்த்தார். அத்தான் எனக்குப் பாடம் கற்பிக்கிற மாதிரி கீழ்ச் சக்கரத்தில் ஸ்பானரைப் போட்டுத் திருப்பினார். ஒரு சுற்றுகூட முடியவில்லை, ணங்கென்று நின்றது.

“இது கம்ப்ரஷன். காத்து அமுங்குது” என்றார்.

காற்று அமுங்கினால் அழுத்த அழுத்த மெல்ல விட்டுக்கொடுக்கும். இது இரும்பில் இரும்பு முட்டி நின்ற நிற்பு. அதைச் சொன்னேன். அவரோ ஸ்பானரில் மாட்டி நெம்புவதற்கு நீளமான குழாய் ஒன்றைத் தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நான் ஸ்பானரைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் நெரவிக்கு வந்தார். குனிந்து பார்த்தார். பெல்ட்டைக் கழற்றிக் குறிகளைச் சேர்த்து மாட்டி, கையால் இரண்டு சுற்று சுற்றினார். வழுவழுவென்று சுற்றியது. பிறகுதான் சாவி கேட்டார், கொடுத்தேன். ஒரே தடவையில் வண்டி கிளம்பியது.

“நல்லவேள டீச்சர், ஸ்டார்ட் பண்ணல” என்றார்.

அத்தான் பக்கத்தில் நின்று, “நானும் அதத்தான் யோசிச்சேன்” என்றார். அவமானப்படவும் கொஞ்சம் அறிவு வேண்டும். அது இல்லாததால் நிம்மதியாக டீ குடித்துவிட்டுப் போனார். டீ போட்டுக் கொடுத்தவள் நான்தான். அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அம்பகரத்தூர் கோயிலில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. சாப்பாட்டுப் பந்தியில் அத்தான் நாலு பேருக்கு நடுவே பேசிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பல்லு தள்ளி நின்னுச்சு. மெக்கானிக்கே கவனிக்கல, நான்தான் புடிச்சேன்.”

என் கணவரின் சித்தப்பா மகன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனிடமும் ஒரு பழைய கார் இருக்கிறது. “என் வண்டியையும் ஒரு தடவ பாத்துடுண்ணே” என்றான்.

நான் இலையிலிருந்து நிமிர்ந்தேன். “தள்ளி மாட்டுனதே அவருதான். புடிச்சது நான். சரிபண்ணது மெக்கானிக்கு” என்றேன்.

அத்தான் சிரித்தார். “டீச்சரம்மா தமாசு பண்ணுது.” எல்லோரும் அதையே நம்ப விரும்பினார்கள், சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். வீடு திரும்பும் வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தச் சித்தப்பா மகன் போன் செய்தான். குரலைத் தாழ்த்தி மெக்கானிக்கின் நம்பர் கேட்டான். கொடுத்தேன்.

“பெரியண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க அண்ணி, வருத்தப்படும்” என்றான்.

அந்தப் பந்தியில் அவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன்.