ஆறாவது சீசனை எழுதியது சகாயம் அங்கிள் இல்லை

ஆம்பூர் சகாயம் இறந்துவிட்டார். இன்று காலை. மாரடைப்பு.

‘ஏழாம் நம்பர் வீடு’ கார்ட்டூனில் ‘தமிழ் வசனம்’ என்று போட்டு அடுத்து ஒரு பெயர் வருமே... அவர்தான்.

இந்த ரசிகர் பக்கத்தில் என்னை எல்லோரும் ‘அட்மின் அண்ணா’ என்று கூப்பிடுகிறீர்கள். நான் அண்ணா இல்லை. பிளஸ் ஒன் படிக்கிற பெண்.

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அம்மாவின் போனில் எழுதுகிறேன். அப்பாவுக்குத் தெரிந்தால் போனும் போகும், பக்கமும் போகும். அதனால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது இந்தத் தொடர் ஆரம்பித்தது. எந்த நாட்டுக் கார்ட்டூனோ... அதில் வருகிற அப்பாவுக்கு வரதன் என்று பெயர் வைத்து, ஷூ கம்பெனி சூப்பர்வைசராக்கிவிட்டார் சகாயம்.

என் அப்பாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில்தான் வேலை. கார்ட்டூன் என்றாலே திட்டுகிறவர், ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் நின்றுவிட்டார்.

“ஷூ லாட்டு மொத்தம் ரிஜெக்ட் ஆயிட்ச்சி தோஸ்த், என் மூஞ்சிக்கு பாலிஷ் போட்டு இன்னா பிரயோஜனம்?” என்று வரதன் கேட்டதும் அப்பாவுக்குப் புரையேறியது.

“இன்னாடி இது, எங்க கம்பெனிக்காரனாட்டமே பேசறான்! எழுதனவன் நம்ம பக்கத்து ஆளுதான்டி!”

ஐந்து சீசன் அப்படித்தான் போனது. ஆறாவதில் எல்லாம் கெட்டது.

சோம்பேறியானாலும் பாசக்கார வரதன், வெறும் முட்டாளானார். அவருடைய மகளுக்கு வசனமே இல்லை. வாரத்துக்கு ஒரு நடிகர் விருந்தாளியாக வந்து போனார்.

‘பேஜாரா கீது தோஸ்த்’ என்று உண்மையிலேயே உடைந்துபோன நாட்களில் மட்டும்தான் முன்பு வரதன் சொல்வார். இப்போது கதவைத் திறந்தாலும் சொல்கிறார், மூடினாலும் சொல்கிறார்.

அந்தக் கோபத்தில்தான் அந்தப் பதிவைப் போட்டேன். ‘ஆம்பூர் சகாயத்துக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு. பேனாவை மூடிட்டு வீட்டுக்குப் போகலாம்.’

நீங்கள் எல்லோரும் ஷேர் செய்தீர்கள். இந்தப் பக்கம் வளர்ந்ததே அந்தப் பதிவால்தான்.

இரண்டு மாதம் கழித்து, லாங் பஜார் பக்கத்துச் சந்தில் நான் வழக்கமாகப் போகும் கடையில் கெமிஸ்ட்ரி நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் ஒரு தாளின் பின்பக்கம் பேனாவில் வசனம். வரதன் பேசுவது. சில எழுத்துகளுக்கு மேல் சின்னச் சின்ன வட்டம்.

அப்படியானால் அந்த ஜெராக்ஸ் கடைக்காரர்தான் ஆம்பூர் சகாயமா? ஆறாம் வகுப்பிலிருந்து வெறும் ‘அங்கிள்’ என்று கூப்பிட்டு வந்த மனிதர்...

மறுநாள் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“அய்யய்யோ, பழைய பேப்பர் கலந்துட்ச்சா? மூணாவது சீசன்து பாப்பா. பின்பக்கம் காலியா கீதேன்னு மெஷின்ல வெச்சிட்டேன்.”

“இந்த வட்டம் எதுக்கு அங்கிள்?”

“பொம்மை வாய் மூடற எடம். உதடு ஒட்டிச்சின்னா அங்க ‘ப’ வரணும், இல்ல ‘ம’ வரணும். சவுண்ட ஆஃப் பண்ணிட்டு வாய மட்டும் பாத்து எழுதுவேன்.”

“இப்பவும் நீங்கதான் எழுதறீங்களா?”

“அஞ்சாவதோட என்ன நிறுத்திட்டாங்க. பேரு மட்டும் போடறாங்க. ஏன்னு கேட்டா, ‘ராசியான பேரு சார்’ன்றாங்க. திட்டு மட்டும் கரெக்டா எனக்கு வந்து சேருது.”

அவரே சிரித்தார்.

“அந்தக் கார்ட்டூன்ல வர்ற பையன் எட்டு வருஷமா அஞ்சாங் கிளாஸ்லயே கீறான். கதைக்கு அத்த எடுக்கறவனுங்கதான் எங்க போவானுங்க, பாவம்!”

அப்போது, அந்தப் பதிவைப் போட்டது நான்தான் என்று தெரிந்ததுபோல் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அல்லது எனக்கு அப்படித் தோன்றியதா... அந்தத் தாள் தவறுதலாகத்தான் கலந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

ராசி என்று சொன்னதையும் நான் நம்பவில்லை. திட்டு விழ ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் யாரும் இல்லாதபோது சோதித்துப் பார்த்தேன். முதலில் சவுண்டு இல்லாமல் உதட்டைப் பார்த்தேன், பிறகு சவுண்டு வைத்துக் கேட்டேன். ஐந்து சீசனிலும் உதடும் எழுத்தும் பொருந்துகின்றன. ஆறாவதில் வரதன் வாயை மூடிக்கொண்டு ‘ஆ’ என்கிறார். நீங்களும் செய்து பாருங்கள்.

அன்றே இங்கே எழுதியிருக்க வேண்டும். பயம். நான் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும், அவர் மூலம் அப்பாவுக்கும் தெரிந்துவிடும்... காலாண்டுப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

இன்று சாயங்காலம் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்தான் சொன்னார்.

இரவு சேனல் அஞ்சலி போட்டிருக்கிறது. அவருடைய போட்டோ, கூடவே ஒரு கிளிப். இப்போது ஓடுகிற ஏழாவது சீசன் கிளிப்! அவர் எழுதாதது! ஐந்து சீசனில் ஒன்றுகூடவா கிடைக்கவில்லை? வேண்டுமென்றே எடுத்தார்களா? அடுத்த சீசனிலும் அவர் பெயரைப் போடுவார்களோ?

அதன் கீழே நம் ஆட்களின் கமெண்ட்... ‘சரக்கு தீர்ந்த ஆளு, ஆனாலும் ஆர்ஐபி.’ ஒருவர் இல்லை, வரிசையாக.

அது என் வார்த்தை. அது பொய். கமெண்ட் போட்டவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

என் பழைய பதிவை நான் அழிக்கவில்லை. அழித்தால் நான் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். அதன் தலையிலேயே ‘நான் எழுதியது தவறு’ என்று சேர்த்துவிட்டேன்.

இதை டைப் செய்வதற்குள் போட்டோ இல்லாத மூன்று கணக்குகள் பக்கத்தில் சேர்ந்திருக்கின்றன. யார் நீங்கள்? சேனல் ஆட்களா? சேனல் ஆட்களானால் படித்துக்கொள்ளுங்கள். அவர் பெயரை எடுத்துவிடுங்கள்.

நாளைக்கு அடக்கம். யூனிஃபார்மோடு வந்து கடைசியில் நிற்பேன். அங்கே யாரும் அட்மினைத் தேடாதீர்கள்.

மன்னிச்சிடுங்க அங்கிள். போய்ட்டு வாங்க.