சந்தனப் பொட்டுக்கு அடியில் ஒரு கிளை

ஆயுத பூஜை வந்தால் எங்கள் பனியன் கம்பெனியில் பழையது எதுவும் தப்பாது. உடைந்த ஊசி, காலி நூல்கோன், போன வருடக் காலண்டர் எல்லாம் குப்பைக்குப் போகும். அந்த வருடம் சின்ன முதலாளிக்குக் கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்யும் ஆசை வந்துவிட்டது. வெளியூரில் படித்தவர், தடுக்க ஆளில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் மென்பொருள் எழுதுகிறவள் நான். குழந்தைகள் உடுப்புப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் நிரலை மழைக்காலம் முழுக்க எழுதி, மற்ற நிரல்களோடு சேர்க்காமல் தனிக் கிளையாக வைத்திருந்தேன். சரக்கு வாங்கும் பையர் அப்போது சரி சொல்லியிராததால் அதற்கு 'சாம்பிள்' என்று பெயர் வைத்தேன்; சரி சொன்ன பிறகும் மாற்றவில்லை. பூஜைக்கு மறுநாள் அது ஓடினால்தான் கண்டெய்னர் கிளம்பும். வேறு பிரதி கிடையாது. வெளியே கொண்டுபோனால் பக்கத்துக் கம்பெனிக்காரன் திருடிவிடுவான் என்பது பெரிய முதலாளியின் அசைக்க முடியாத நம்பிக்கை.

பூஜை முடிந்து பொரி வாங்கும்போது சின்ன முதலாளி பெருமையாகச் சொன்னார். "அக்கா, பழைய சாம்பிள் கீம்பிள் எல்லாம் அழிச்சுட்டேனுங்க. அடியோட குப்பையக் கூட்டற கமாண்ட் ஒண்ணுதான் பாக்கி. அதுக்குள்ள அப்பா பூசைக்குக் கூப்புட்டுட்டாருங்க."

பொரியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். கிளை என்பது பெரிய சமாச்சாரமில்லை. கடைசியாகச் சேமித்த வேலையின் எண்ணைத் தாங்கும் ஒற்றை வரிதான். பண்டலில் கட்டிய அட்டை மாதிரி. அட்டையைக் கிழித்தாலும் பண்டல் குடோனில் கிடக்கும். ஆனால் குப்பையைக் கூட்டும் கமாண்ட், அட்டையில்லாத பண்டலையெல்லாம் வாரி வெளியே கொட்டிவிடும்.

ஒரே ஆறுதல், கிளையை அழிக்கும்போது கம்ப்யூட்டர் அந்த எண்ணைத் திரையில் காட்டிவிடும். எண் தெரிந்தால் அதே பண்டலுக்குப் புது அட்டை கட்டிவிடலாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். பூஜையின்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டிருந்தார்கள். திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

துடைக்கக் கை நீட்டினேன். "கண்ணு, பூசை போட்டதுக்கப்புறம் ஆரும் தொடக்கூடாது. நாளைக்குக் காத்தால எடுத்துக்கலாம்" என்றார் பெரிய முதலாளி.

"என் வேலையெல்லாம் அதுக்குள்ள இருக்குதுங்க."

"வேலைக்குத்தான் இன்னைக்கு லீவு உட்டிருக்குதே, கண்ணு."

பற்றிக்கொண்டு வந்தது. திரும்பினால், சின்ன முதலாளியும் கைகட்டி நிற்கிறார். அவரும் தொடக்கூடாது! என்னைத் தடுத்த அதே பொட்டு அவருடைய விளக்குமாற்றையும் தடுத்துவிட்டது. அன்றைக்குக் கும்பிட்ட மாதிரி நான் என்றைக்கும் கும்பிட்டதில்லை. கரண்ட் போகக்கூடாது என்று தனியாக ஒரு வேண்டுதலும் வைத்தேன்.

மறுநாள் கம்பெனி திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து, பனியன் வேஸ்ட் துணியை நனைத்துத் திரையைத் துடைத்தேன். எண் இருந்தது. ஒரே வரி அடித்ததும் கிளை முழுசாகத் திரும்பி வந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"பாத்தியா, பூசையோட மகிமை" என்றார் பெரிய முதலாளி.

நான் கிளைக்கு வேறு பெயர் வைத்தேன்: 'சாமி'. கண்டெய்னர் போய்ச் சேர்ந்து, அந்தக் கிளைக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அடுத்த ஆயுத பூஜைக்குச் சின்ன முதலாளி மறுபடி சுத்தம் செய்தார். எல்லாவற்றையும் அழித்தவர், அதற்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போனார்.