நடுங்குற கையோட கிள்ளைக்குக் கொண்டுபோன வளையல் தட்டு

போன ஞாயித்துக்கெழம சிதம்பரம் பக்கத்துல கிள்ளையில எந் தங்கச்சி மவளுக்குக் காது குத்து. தாய்மாமன் நாந்தான். எம் மடியில வச்சுத்தான் குத்துவாங்க, வளையல் தட்டையும் நாந்தான் தூக்கியாந்து சபையில வைக்கணும். எனக்கோ கை நடுங்கும். பைபோலாருன்னு மனசு ஒரேயடியா ஏறி எறங்குற நோவுக்கு லித்தியம் மாத்திர ஆறு வருசமா சாப்புடுறேன். அது கூட்டியாந்த சொந்தக்காரங்க ரெண்டு பேரு, நடுக்கமும் தாகமும். தண்ணி குடிச்சா அர மணிக்கு ஒருக்கா ஒன்னுக்கு வேற.

ஒரு நாளு மாத்திரைய விட்டா கை நிக்குமோன்னு தோணுச்சு. விடல. முன்ன ஒருவாட்டி நானா நிறுத்திட்டு, அஞ்சு நாளு தூக்கமில்லாம, கேக்காமலே அக்கம்பக்கத்து செவுத்துக்கெல்லாம் நீலப் பெயிண்ட் அடிச்சேன். இப்பவும் எங்க தேவனாம்பட்டினத்துல நீல வூடு எதுன்னு கேட்டா மூணு வூட்டக் காட்டுவாங்க.

மாத்திரைய விடல, தண்ணிய விட்டுட்டேன். ஒன்னுக்கு வந்தா பஸ்ஸுல நடுவுல எறங்க முடியாதேன்னு காலையிலேர்ந்து ஒரு வாய் குடிக்கல.

கடலூர் ஸ்டாண்டுல 6.40 வண்டி. சிதம்பரம் 45 கிலோமீட்டர், ஒன்னேகால் மணி நேரம், டிக்கெட்டு 45 ரூபா. மடியில வளையலு ஜல்ஜல்லுங்குது.

"ரோடு நல்லாத்தான இருக்கு, உங்க சீட்டு மட்டும் ஏன் பெரியவரே குலுங்குது?"ன்னாரு கண்டக்டரு.

"எனக்குத் தனி இஞ்சினுங்க"ன்னேன்.

சிதம்பரத்துல எறங்கிட்டு கத்திரிக்கா கொத்சு திங்காம வர முடியுமா? நாலு இட்லி. கொத்சுக் காரத்துல கண்ணுல தண்ணி வந்துச்சு, அப்பவும் டம்ளரத் தொடல. வைராக்கியத்த எதுல காட்டுறேன் பாருங்க! அங்கேர்ந்து கிள்ளைக்கு டவுன் பஸ்ஸு, அர மணிக்கு மேல, 15 ரூபா.

எறங்குறப்ப நாக்கு ஒட்டிக்கிச்சு, கை ரெண்டு மடங்கு ஆடுது. முந்தின நாளே வந்திருந்த எம் பொஞ்சாதி பையப் பாத்தா.

"ஏங்க, ரெண்டு பாட்டிலும் மூடி தொறக்கலியே! தண்ணி கொறஞ்சா மருந்து ரத்தத்துல ஏறிக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்கள்ல? காது குத்து புள்ளைக்கா உங்களுக்கா?"

ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா. வாந்தி, பேதி உண்டா, நட தள்ளாடுதா, பேச்சு கொழறுதான்னு நர்ஸம்மா கேட்டாங்க. ஒண்ணுமில்ல. "மெதுவா தண்ணி குடுங்க. இதுல ஒண்ணு வந்தாலும் ஒடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நாளைக்கு ரத்த டெஸ்ட்டு"ன்னாங்க.

சடங்குக்கு முன்ன நாலு தடவ தென்னமரத்தடிக்கு ஓடுனேன். தங்கச்சி வூட்டுக்காரரு சும்மா இருப்பாரா? "மச்சான், எங்க தென்னைக்கு இந்த வருசம் ஒரமே வாணாம்"னாரு.

தட்டத் தூக்குனேன். சத்தத்துக்கு சபையே திரும்புச்சு. ஆசாரி ஊசிய எடுத்ததும் மடியில புள்ள ஒதட்டப் பிதுக்குது. எம் பொஞ்சாதி எட்டு வளையல அள்ளி எங் கையில குடுத்தா. "ஆட்ட வாணாம், சும்மா புடிங்க, போதும்."

புள்ள வாயப் பொளந்து வளையலையே பாக்குது. ஒரு காது முடிஞ்சிருச்சு, அழுவல! ரெண்டாவது காதுக்குக் கத்துனது பிச்சாவரம் வரைக்கும் கேட்டிருக்கும், அது வேற.

மறுநாளு டெஸ்ட்டுல மருந்து அளவு கொஞ்சம் ஏறித்தான் இருந்துச்சு, டாக்டரம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். என்னமாரி லித்தியம் சாப்புடுறவங்களுக்குச் சொல்றேன், தண்ணியக் கொறைக்காதீங்க. உப்பையும் கேக்காமக் கொறைக்காதீங்க, வெரதம்னாலும் டாக்டரக் கேளுங்க. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. முன் சீட்டுல ஒக்காந்து, நடுவுல ஒன்னுக்கு நிறுத்தணும்னு ஏறுனதுமே கண்டக்டர்கிட்ட சொல்லி வச்சிருங்க.

திரும்பி வரப்ப நான் அப்புடித்தான் சொன்னேன். புதுச்சத்திரம் தாண்டி வண்டிய ஓரங்கட்டுனாங்க. பஸ்ஸே திட்டப்போவுதுன்னு கூனிக் குறுகி எறங்குனேன். திரும்பிப் பாத்தா, எம் பின்னாடியே அஞ்சு பேரு அதே அவசரத்துல எறங்கி வராங்க.